தலைக்கட்டு வரியும் வெளிநாட்டுப் பயணியும்: சுற்றுலாவுக்கு அரசு ஆதரவு என்றால் என்ன?

மாமல்லபுரத்தில் ஒத்தவாடைத் தெரு என்று ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் விடுதி, காபிக்கடை, துணிக்கடை, நடுநடுவே கற்சிற்பக் கடைகள். அப்படி ஒரு கடையில் உள்ளங்கை அளவுப் பிள்ளையார் ஒன்றை எடுத்து விலை கேட்டுக்கொண்டிருந்தேன். வைகாசி வெயில், தெருவில் ஆள் இல்லை. கடைக்காரர் பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தார்.

"சுற்றுலாவுக்கு இத்தனை கோடி ஒதுக்கினோம்னு பேப்பர்ல போடுறாங்க சார். முப்பது வருசமா கடை வச்சிருக்கேன். என் கைக்கு ஒத்த ரூபா வந்ததில்ல."

அவர் சொன்னது பொய் இல்லை. ஆனால் அரசு ஆதரவு என்பதை அவர் புரிந்துகொண்டிருக்கும் விதத்தில்தான் நம்மில் பலரும் புரிந்துகொண்டிருக்கிறோம். ஒரு கை கொடுக்கிறது, இன்னொரு கை வாங்குகிறது என்கிற மாதிரி. இல்லாவிட்டால் விமான நிலையத்தில் ஒட்டியிருக்கும் மயில், தாஜ்மகால் விளம்பரம்தான் அரசு ஆதரவு என்று நினைக்கிறோம். இரண்டுமே முழுப்படம் இல்லை. அந்தக் கடைக்காரருக்குப் பொறுமையாக விளக்கியிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், யாரைப் பற்றிய பேச்சு இது?

மதுரைக் குடும்பம் ஊட்டிக்குப் போவது உள்நாட்டுச் சுற்றுலா. அதே குடும்பம் சிங்கப்பூர் போவது வெளிச்செல்லும் சுற்றுலா. ஜெர்மனியிலிருந்து ஒருவர் மாமல்லபுரம் வருவதுதான் உள்வரும் சுற்றுலா. இந்தக் கட்டுரை அந்த மூன்றாவது ஆளைப் பற்றி மட்டும்தான்.

இதைப் பிரிக்காமல் பேசுவதால் நிறையக் குழப்பம் வருகிறது. 2019 இல் தமிழ்நாட்டுக்கு வந்த உள்நாட்டுப் பயணிகள் 49.48 கோடி, வெளிநாட்டுப் பயணிகள் 68.66 லட்சம் என்பது கணக்கு. அதே வருடம் இந்தியா முழுமைக்கும் வந்த வெளிநாட்டுப் பயணிகள் 1.09 கோடிதான். அப்படியென்றால் அதில் பாதிக்கு மேல் தமிழ்நாட்டுக்கே வந்துவிட்டார்களா? அப்படிச் சொல்ல முடியாது. நாட்டுக் கணக்கு பாஸ்போர்ட் சோதிக்கும் குடியேற்ற முகப்பில் எடுக்கப்படுகிறது. ஒருவர் நாட்டுக்குள் நுழைந்தால் ஒன்று. மாநிலக் கணக்கு வேறு. அதே ஆள் டெல்லி, ராஜஸ்தான், கேரளம், தமிழ்நாடு என்று சுற்றினால் நான்கு மாநிலங்களும் அவரைத் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். எல்லா மாநிலங்களையும் கூட்டினால் அந்த வருடம் 3.14 கோடி வந்தது இதனால்தான். மேடையில் எந்த எண் சொல்லப்படுகிறது என்று இனிமேல் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்.

இன்னொன்று. வெளிநாட்டுப் பயணி என்றதும் தோளில் கேமராவும் அரைக்கால் சட்டையுமாக ஒரு வெள்ளைக்காரர்தான் மனதில் வருகிறார். 2019 இல் இந்தியாவுக்கு வந்தவர்களில் முதலிடம் வங்கதேசத்துக்கு. நான்கில் ஒருவருக்குச் சற்றே குறைவு. அமெரிக்கா, பிரிட்டன் எல்லாம் அதற்கப்புறம்தான். வேலூரில் பெரிய மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்து பாருங்கள். லாட்ஜ் பலகைகளில் வங்காள எழுத்து, மெஸ்ஸில் மீன்குழம்பும் சோறும், கையில் எக்ஸ்ரே உறையோடு நிற்கும் குடும்பங்கள். கடற்கரைப் பக்கம் போகாவிட்டாலும் அவர்களும் கணக்கில் உள்வரும் பயணிகளே.

ஆக, நாட்டுக்கு வெளியிலிருந்து வந்து, இங்கே சில நாள் தங்கி, இங்கே செலவழிப்பவர்தான் நமக்கு முக்கியம். என்ன காரணத்துக்காக வந்தார் என்பது இரண்டாவது விஷயம்.

கப்பல் ஏறாத ஏற்றுமதி

அரசு ஏன் இவர்மீது இவ்வளவு அக்கறை காட்டுகிறது? திருப்பூரை நினைத்துக்கொள்ளுங்கள். பனியன் கப்பலில் ஜெர்மனி போகிறது, அங்கிருந்து யூரோ இங்கே வருகிறது. இது ஏற்றுமதி என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இப்போது அதே ஜெர்மானியர் தானே கிளம்பி மாமல்லபுரம் வருகிறார். அறை வாடகை, ஆட்டோ, மீன் வறுவல், ஒரு பிள்ளையார். யூரோ இங்கே வருகிறது. பொருள் வாடிக்கையாளரிடம் போவதற்குப் பதிலாக வாடிக்கையாளர் பொருளிடம் வந்துவிட்டார். வித்தியாசம் அவ்வளவுதான்.

இப்படிச் சேவை விற்று வெளிநாட்டுப் பணம் ஈட்டுவதற்குச் சேவை ஏற்றுமதி என்று பெயர். அப்படி வரும் டாலர், யூரோ போன்ற பணம் அந்நியச் செலாவணி. கச்சா எண்ணெய் வாங்க நாட்டுக்கு அதுதான் வேண்டும். ரூபாயை நீட்டினால் வாங்கிக்கொள்ள ஆள் குறைவு. 2019 இல் இந்தியாவுக்குச் சுற்றுலா வழியாக வந்த அந்நியச் செலாவணி சுமார் 2.11 லட்சம் கோடி ரூபாய். ஊட்டிக்குப் போகும் மதுரைக் குடும்பமும் நிறையச் செலவழிக்கிறது, பல ஊர்களுக்கு அதுதான் சோறு போடுகிறது. ஆனால் அந்தச் செலவில் புதிதாக ஒரு டாலர்கூட நாட்டுக்குள் வராது. இந்த வேறுபாடு பிடிபட்டால் மீதி எல்லாம் எளிது.

திருவிழாவுக்கு யார் செலவு செய்வது?

சரி, ஏற்றுமதி என்றால் ஏற்றுமதியாளர் பார்த்துக்கொள்ளட்டுமே, அரசுக்கு என்ன வேலை?

ஊர்த் திருவிழாவை எடுத்துக்கொள்வோம். தேர் ஓடுகிற மூன்று நாளில் பலூன்காரர், கரும்புச்சாறு வண்டி, வளையல் கடை, பரோட்டாக் கடை, பேருந்து நிறுத்தத்து டீக்கடை எல்லாருக்கும் நல்ல வியாபாரம். கூட்டம் யாரைப் பார்க்க வருகிறது? தேரை. தேர் பலூன்காரருடையது இல்லை. அவர் தனியாகக் காசு போட்டுப் பந்தலும் சீரியல் விளக்கும் மேளமும் வைத்தால், பலன் பக்கத்துப் பரோட்டாக் கடைக்கும் போகும். அதனால் வைக்க மாட்டார். பரோட்டாக் கடைக்காரரும் அதே கணக்குப் போடுவார். எல்லாரும் அடுத்தவர் செய்யட்டும் என்று காத்திருந்தால் தேர் நிலையிலேயே நிற்கும். அடுத்தவர் செலவில் தானும் பயனடையும் இந்த நிலைக்குப் பொருளாதாரப் பாடத்தில் பெரிய பெயர் உண்டு. நாம் ஓசிச் சவாரி என்றே வைத்துக்கொள்வோம்.

ஊர் இதற்கு என்றோ வழி கண்டுபிடித்துவிட்டது: தலைக்கட்டு வரி. தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று வசூலித்து, ஊர்ப் பொதுவில் வைத்துத் திருவிழா நடத்துவது. கொடுக்க மனமில்லாதவரும் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

மாமல்லபுரத்தில் தேரின் இடத்தில் இருப்பது கடற்கரைக் கோயிலும் அர்ச்சுனன் தபசும். 1984 இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தவை. எந்த விடுதிக்காரரும் செதுக்கியதில்லை. பல்லவர் செய்துவைத்துப் போனதை வைத்து நாம் பிழைக்கிறோம். 'மாமல்லபுரத்துக்கு வாருங்கள்' என்று பெர்லினில் விளம்பரம் வைக்கும் விடுதிக்கு வருவது செலவு. வரவு தெரு முழுவதற்கும். அதனால்தான் ஒரு நாட்டையோ ஊரையோ வெளியே அறிமுகப்படுத்தும் வேலை அரசின் தலையில் விழுகிறது. 2002 இல் தொடங்கிய 'இன்கிரெடிபிள் இந்தியா' விளம்பரம் அப்படி வந்த பொது மேளம்தான்.

இலங்கை இதில் தலைக்கட்டு வரியை அப்படியே சட்டமாக்கி வைத்திருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். அங்கே பதிவுபெற்ற சுற்றுலா நிறுவனங்கள் தங்கள் மொத்த விற்பனையில் 1 சதவீதத்தைச் சுற்றுலா அபிவிருத்தி வரியாகக் கட்ட வேண்டும். அது ஒரு தனி நிதிக்குப் போய், அங்கிருந்து விளம்பரத்துக்கும் பயிற்சிக்கும் செலவாகிறது. ஜப்பானில் வேறு ஏற்பாடு. 2019 ஜனவரியில் நாட்டைவிட்டு வெளியேறும் ஒவ்வொருவரிடமும் 1,000 யென் வாங்கத் தொடங்கினார்கள். திருவிழா பார்த்துவிட்டுப் போகிறவரிடமே வசூல்! அரசு ஆதரவு என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி அரசின் பணமே இல்லை என்பதைக் கவனியுங்கள். தொழிலிடமும் பயணியிடமும் திரட்டிப் பொதுவில் செலவழிப்பதும் ஆதரவுதான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பயணியை இழுப்பது யாருக்கும் சொந்தமில்லாத பொதுச் சொத்து. அதற்காகத் தனி ஆள் செலவழிக்க மாட்டார். எல்லார் சார்பிலும் செலவழிக்க ஒருவர் வேண்டும்.

வாசல் கதவு

விளம்பரத்தைவிட அதிகம் வேலை செய்யும் ஆதரவு ஒன்று இருக்கிறது. அதற்குச் செலவும் குறைவு. அது விசா.

நம் வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்துவிட்டு, மண்டப வாசலில் ஒருவரை உட்கார வைத்து 'படிவம் நிரப்பு, இரண்டு புகைப்படம் கொடு, அடுத்த வாரம் வா' என்று சொன்னால் யார் வருவார்கள்? பல காலம் இந்தியா அப்படித்தான் இருந்தது. 2014 நவம்பர் 27 அன்று 43 நாட்டவருக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கும் வசதி வந்தது. முதலில் அதற்கு 'வந்திறங்கியதும் விசா' என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். உண்மையில் கிளம்பும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். பெயரை நம்பி வந்தவர் திண்டாடுவார். அடுத்த ஏப்ரலில் இ-டூரிஸ்ட் விசா என்று பெயரை மாற்றினார்கள். பிறகு நாடுகளின் எண்ணிக்கை 160 ஐத் தாண்டியது.

2019 இல் வந்த கட்டண மாற்றம் எனக்குப் பிடித்த உதாரணம். 30 நாள் விசாவுக்கு ஜூலை முதல் மார்ச் வரை 25 டாலர். ஏப்ரல், மே, ஜூனில் 10 டாலர். ஆடித் தள்ளுபடி மாதிரிதான். கத்திரி வெயிலில் யாரும் வரமாட்டார்கள், ஒத்தவாடைத் தெரு காலியாகக் கிடக்கும், அப்போது விலையைக் குறை என்கிற கடைக்காரத் தந்திரத்தை அரசு கையாண்டது. நான் பிள்ளையார் விலை கேட்ட வைகாசி மாதமும் இதில் அடக்கம்.

ஜப்பான் 2013 இல் தாய்லாந்து, மலேசியா போன்ற நாட்டவருக்கு விசா நடைமுறையைத் தளர்த்தியது. அந்த வருடம் அங்கே வந்த வெளிநாட்டவர் 1.03 கோடி; 2019 இல் 3.18 கோடி. யென் மலிந்ததும், மலிவுக் கட்டண விமானங்கள் பெருகியதும் இதற்குச் சேர்ந்தே உதவின. எல்லாப் புகழையும் விசாவுக்கே கொடுத்துவிட முடியாது.

கதவை மட்டும் திறந்தால் போதாது என்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. கொரோனா அடி கொஞ்சம் தணிந்த 2021 ஜூனில், முதல் 5 லட்சம் சுற்றுலா விசாக்கள் இலவசம் என்று மத்திய அரசு அறிவித்தது. 2022 மார்ச் 31 வரைதான் சலுகை. ஆனால் வழக்கமான சர்வதேச விமானச் சேவை மறுபடி தொடங்கியது 2022 மார்ச் 27 அன்று. அதுவரை நாடுகளுக்கிடையே தனி ஏற்பாட்டில் பறந்த கொஞ்ச விமானங்கள்தான். கல்யாணச் சாப்பாடு இலவசம், ஆனால் ஊருக்குப் பேருந்து இல்லை.

வரி: பனியனுக்கு ஒரு நியாயம், அறைக்கு ஒரு நியாயமா?

இது கொஞ்சம் நுணுக்கமான இடம். சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

திருப்பூர் பனியன் ஏற்றுமதியானால் அதற்கு ஜிஎஸ்டி பூஜ்யம். மூலப்பொருளில் கட்டிய வரியும் திரும்பி வரும். நம் வரியை வெளிநாட்டுக்காரர் தலையில் கட்டினால் போட்டியில் தோற்போம் என்பதே இதன் தர்க்கம். ஆனால் அதே வெளிநாட்டுக்காரர் இங்கே வந்து விடுதி அறைக்கு டாலரில் பணம் கட்டினாலும் ஜிஎஸ்டி உண்டு. ஏனென்றால் சட்டத்தின் பார்வையில் சேவை நடக்கும் இடம் கட்டடம் இருக்கும் இடம். கட்டடம் மாமல்லபுரத்தில்தான் இருக்கிறது. நாங்களும் ஏற்றுமதியாளர்தானே என்பது விடுதிக்காரர்களின் பழைய மனக்குறை. 2019 செப்டம்பர் வரை 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட வாடகைக்கு 28 சதவீத வரி இருந்தது. அப்புறம் 18 ஆக இறங்கியது.

இந்தக் குறையை ஈடுகட்டுவதுபோல 2015 இல் ஒரு திட்டம் வந்தது. சேவை விற்று ஈட்டிய நிகர அந்நியச் செலாவணியில், அதாவது வந்த டாலரில் வெளியே போன டாலரைக் கழித்த மிச்சத்தில், விடுதிக்கு 3 சதவீதம், பயண ஏற்பாட்டாளருக்கு 5 சதவீதம் என்று ஊக்கத்தொகை. பின்னால் கொஞ்சம் கூட்டினார்கள். பணமாகக் கொடுக்காமல் ஸ்கிரிப் என்ற சீட்டாகக் கொடுத்தார்கள். அதைக் காட்டி இறக்குமதி வரியைக் கழித்துக்கொள்ளலாம், வேண்டாம் என்றால் வேறொருவருக்கு விற்றுவிடலாம். 2023 இல் வந்த வெளிநாட்டு வணிகக் கொள்கையில் இது இல்லை. 'அரசு கொடுத்தது' என்று பெரிய நிறுவனங்கள் சொன்னதில் இந்த மாதிரிச் சீட்டும் உண்டு. சிற்பக் கடைக்காரர் கண்ணில் அது பட்டிருக்க வாய்ப்பே இல்லை.

கடை சாத்தியிருக்கும்போது

பனியனைக் கிடங்கில் அடுக்கி வைத்து அடுத்த மாதம் விற்கலாம். நேற்றிரவு காலியாகக் கிடந்த அறையை இன்று விற்க முடியாது. அது போனது போனதுதான். அதனால் இந்தத் தொழிலுக்கு அதிர்ச்சி வந்தால் அடி நேராக உயிரில் விழும்.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. இலங்கையில் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. முந்தைய வருடம் மே மாதத்தில் 1,29,466 பேர் வந்த நாட்டுக்கு, அந்த மே மாதம் வந்தவர்கள் 37,802 பேர். பத்தில் ஏழு பேர் காணாமல் போனார்கள். விடுதிக்காரர் கடன் தவணையை எதில் கட்டுவார்? பலூன்காரருக்குத் திருவிழா நாளில் மழை பிடித்துக்கொண்டால் நட்டம் ஒரு நாளோடு போகும். இங்கே சம்பளம், மின்கட்டணம், வட்டி எல்லாம் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்த நேரத்தில் அரசு இரண்டு காரியம் செய்தது. முதலாவது, சுற்றுலாத் துறையினருக்குக் கடன் தவணை ஒத்திவைப்பு. இதைப் பலர் கடன் தள்ளுபடியோடு குழப்பிக்கொள்கிறார்கள். ஒத்திவைப்பு என்றால் இப்போது கட்டவேண்டாம், பிறகு கட்டு என்பதுதான். கடன் அங்கேயே நிற்கும். இரண்டாவது, ஆகஸ்டிலிருந்து 48 நாட்டவருக்கு ஆறு மாதம் விசாக் கட்டணம் இல்லை. டிசம்பரில் வருகை முந்தைய டிசம்பரை ஏறக்குறைய எட்டிவிட்டது. அதற்கு மூன்று மாதத்தில் கொரோனா வந்து கதவைச் சாத்தியது வேறு கதை.

இந்தியாவில் கொரோனாவின்போது வந்த உதவி இன்னொரு வகை, கடன் உத்தரவாதம். அங்கீகாரம் பெற்ற வழிகாட்டிகள் 10,700 பேருக்குத் தலா 1 லட்சம், பயண நிறுவனங்களுக்கு 10 லட்சம் வரை கடன். திரும்ப வராவிட்டால் வங்கிக்கு அரசு பொறுப்பு. இதுவும் இலவசப் பணம் இல்லை, கடன்தான். நண்பனுக்காக ஜாமீன் கையெழுத்துப் போடுவது போல. 'அங்கீகாரம் பெற்ற' என்ற சொல்லைக் கவனித்தீர்களா? அட்டை இல்லாமல் ரதங்களின் முன்னால் நின்று நான்கு மொழியில் கதை சொல்லிப் பிழைத்தவருக்கு இந்த வரிசையில் இடம் இல்லை. உதவிகள் எல்லாம் பதிவேட்டின் வழியாகத்தான் நடக்கின்றன. பதிவேட்டில் பெயர் இல்லாதவர்தான் இந்தத் தொழிலில் அதிகம். கடைக்காரரின் கோபத்தில் நியாயம் இருப்பது இந்த இடத்தில்தான்.

வந்த பணம் எங்கே போகிறது?

கணக்குக்காக ஜெர்மானியர் இந்தப் பயணத்துக்கு 100 யூரோ செலவழித்தார் என்று வைத்துக்கொள்வோம். விமானம் அவர் நாட்டு நிறுவனத்துடையது. அந்தப் பங்கு அங்கேயே நின்றுவிட்டது. அறையை ஒரு வெளிநாட்டு இணையதளம் வழியாகப் பதிவு செய்தார்; தரகு அங்கே போயிற்று. விடுதியில் குடித்த ஒயின் இறக்குமதி. அதற்கான பணம் மறுபடி வெளியே போயிற்று. உள்ளே வந்ததுபோல் தெரிந்து வெளியே ஒழுகிப்போகும் இந்தப் பகுதிக்குக் கசிவு என்று பெயர். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போலத்தான். எவ்வளவு ஊற்றினோம் என்பதைவிட வீடு வரும்போது எவ்வளவு மிச்சம் என்பதுதான் கேள்வி.

என் பார்வையில், அரசு ஆதரவைப் பற்றிக் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான். ஆனால் மேடைகளில் கேட்பது எத்தனை பேர் வந்தார்கள் என்பது மட்டுமே. பெரிய விடுதிக்கு நிலமும் வரிச்சலுகையும் கொடுத்து அதன் லாபம் வெளியே போவதும், கடற்கரையில் ஒழுங்கான கழிப்பறையும் விளக்கும் வைத்து நூறு சின்னக் கடைகள் இரவு ஒன்பது வரை திறந்திருக்க வழி செய்வதும் ஒரே தலைப்பின்கீழ்தான் கணக்கில் வரும். சுற்றுலா மேம்பாடு!

மாமல்லபுரத்துச் சிற்பத்தில் கசிவு மிகக் குறைவு. கல் இந்தப் பக்கத்தது, கை இந்த ஊர்க்கை. 2017 இல் மாமல்லபுரக் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இன்னொரு ஊரில் செய்ததை இந்தப் பெயரில் விற்கக்கூடாது என்கிற பாதுகாப்பு அது. அதுவும் அரசு ஆதரவின் ஒரு வடிவம்தான், காசு கைமாறாத வடிவம்.

அன்றைக்கு நான் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண்ணும் ஆணும் கடைக்குள் வந்தார்கள். பேச்சை வைத்துப் பிரெஞ்சுக்காரர்கள் என்று ஊகித்தேன். கடைக்காரர் சட்டென்று எழுந்து நின்று பிரெஞ்சிலேயே வணக்கம் சொன்னார், எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்தப் பெண் நான் வைத்திருந்த பிள்ளையாரையே கைகாட்டினார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கொடுத்துவிட்டேன். பேரம் முடிந்து, பழைய செய்தித்தாளில் சுற்றி, சணல் கட்டி, அவர்கள் பையில் வைத்ததும் அவர் உட்கார்ந்தார்.

"பத்து டாலர் விசாவாம் சார், அதான் மே மாசமே வந்துட்டோம்னு சொல்றாங்க," என்றார். பிறகு உள்ளே திரும்பி, "தம்பி, அதே சைஸ்ல இன்னொரு பிள்ளையார் எடுத்துட்டு வா, சார் கேக்குறாரு."